கல்முனைக் கடைவீதியும் பார லொறிகளும்

வீதியோரத்திற் கடை நடத்துவோருக்குச் சரக்கு வந்து சேரவேண்டும். அவ்வீதியிற் குடியிருப்போருக்கும் நடப்போருக்கும் வழி வேண்டும். இவ்விரண்டும் நியாயமான தேவைகளே. ஒன்றை மறுத்து மற்றொன்றை நிலைநாட்டுதல் எளிது. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுதலே அரிது. இலங்கையின் கிழக்குக் கரையிலே, அம்பாறை மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்த கல்முனையும் அதனையடுத்த ஊர்களும் இந்த அரிய காரியத்தை இன்று எதிர்நோக்கி நிற்கின்றன.

முதலில் அவ்வூர்களின் அமைப்பை நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பிலிருந்து தெற்கே வருவோர் பெரிய நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்களைக் கடந்து செல்வர். ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகை கொண்டே அறியவேண்டியிருக்கும். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளியும் நீர்நிலைகளும், இரண்டிற்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடல். இத்திடலிலேதான் வீடுகளும், பள்ளிவாசல்களும், கோயில்களும், பாடசாலைகளும், வைத்தியசாலைகளும், கடைகளும் நெருங்கி நிற்கின்றன. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனறாகலை, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 நெடுஞ்சாலை இதன் நடுவே ஓடுகிறது. பிற நகரங்களில் நெடுஞ்சாலை வேறு, கடைத்தெரு வேறு. கல்முனையிலோ நெடுஞ்சாலையே கடைத்தெரு. தூரப் பயணம் செய்யும் பஸ் வண்டியும், தேங்காயெண்ணெய் வாங்கவரும் மூதாட்டியும் ஒரே வீதியைத்தான் நாடவேண்டியுள்ளது.

இனி, சரக்கு வரும் வகையைக் காண்போம். புகையிரதப் பாதை மட்டக்களப்புடன் முடிவடைகிறது. அதற்குத் தெற்கே தண்டவாளம் இல்லை. ஒலுவிலில் அமைக்கப்பட்ட துறைமுகம் 2013 இல் திறந்துவைக்கப்பட்டதாயினும், அதன் நுழைவாயிலை மணல் அடைத்தமையால் வணிகத் துறைமுகமாக நிலைபெறவில்லை. ஆகவே, இக்கரையூர்களுக்கு வரும் பண்டம் யாவும் லொறியிலேயே வரவேண்டும். திருகோணமலையில் அரைக்கப்படும் கோதுமை மாவும், அங்கே ஆக்கப்படும் சீமெந்தும், கொழும்பிலிருந்து வரும் பலசரக்கும், இரும்பும், ஓடும், மருதமுனைத் தறிகளுக்கு வேண்டிய நூலும் அவ்வாறே வருகின்றன. திரும்பிச் செல்லும் லொறிகளில் நெல்லும் அரிசியும் ஏறுகின்றன. 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தினால் நீர் பெற்ற வயல்கள் பெரும்போகம், சிறுபோகம் ஆகிய இரு போகங்களிலும் விளைகின்றன. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரும்போக வேளாண்மை வெட்டப்படும்போது நெல் மூடைகளை ஏற்றிய வாகனங்கள் மேற்கிலிருந்து இவ்வீதியை நோக்கி வரிசையாக வரும்.

முன்னைய நாட்களிலும் லொறிகள் வந்தனவே. இப்போது மாத்திரம் இடர் மிகுந்தது ஏன் என வினவலாம். அதற்குரிய விடையின் ஒரு பகுதி பாலங்களில் உள்ளது. திருகோணமலைப் பாதையில் கிண்ணியாவிலே, 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை, பாதை எனப்படும் மிதவைப் படகிலேயே வாகனங்கள் நீரைக் கடந்தன. மட்டக்களப்புக்குத் தெற்கே கல்லடியில், ஒரு வேளையில் ஒரு திசையில் மட்டுமே வாகனம் செல்லக்கூடிய பழைய இரும்புப் பாலமே நெடுங்காலம் பயன்பட்டது. புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. ஒடுங்கிய பாலமும் மிதவைப் படகும் யாரும் கருதாத காவலாளிகளாக இருந்தன. பெரிய லொறிகளை அவை தூரத்திலேயே தடுத்து நிறுத்தின. யுத்தமும் 2009 இல் முடிவுற்றது. பாலம் அகன்றது, சாலை செப்பமாயிற்று, 40 அடிக் கொள்கலனைச் சுமந்த வாகனமும் இடையூறின்றி வந்து சேரும் நிலை உண்டாயிற்று. ஆனால் கல்முனைக் கடைவீதியும், அதிலிருந்து பிரியும் ஒழுங்கைகளும் அதற்கேற்ப அகலவில்லை. வழி முழுவதும் விரிவடைந்து, சென்றடையும் இடம் மட்டும் பழைய அளவினதாகவே இருப்பின், நெருக்கடி அவ்விடத்திலே வந்து குவிதல் இயல்பன்றோ?

விடையின் மறுபகுதி கட்டிட வாடகையில் உள்ளது. இக்கரையோர மக்களிடையே மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைக்கும் வழக்கம் வேரூன்றியது. தந்தையின் வளவு பெண்மக்களின் எண்ணிக்கைக்கேற்பப் பங்கிடப்படுகிறது. அகன்றிருந்த வளவு ஒரு தலைமுறையில் இரண்டாகவும், அடுத்த தலைமுறையில் நான்காகவும் சுருங்குகிறது. வீதியை நோக்கிய பங்கு கிடைத்தவர் முன்புறத்திற் கடையறைகளைக் கட்டி, பின்புறத்தில் வாழ்கின்றனர். அக்கடை வாடகை பல குடும்பங்களுக்கு ஓய்வூதியம் போன்றது. உழைப்பாளியை இழந்த வீட்டில் அதுவே அடுப்பெரியச் செய்கிறது; வேறொரு வீட்டில் இளைய மகளின் வீட்டுச் சுவரை எழுப்புகிறது. ஆதலால் வாடகைக்கு விடுவோரைப் பேராசைக்காரர் எனக் கொள்ளுதல் தகாது. நிலம் குறைந்த இடத்தில், உள்ள நிலத்தைப் பயன்படுத்தி வாழ முயல்வோர் அவர்.

ஆனால் வாடகைக்கு ஒரு தன்மை உண்டு. வாங்குவோரின் கால்கள் எங்கே மிகுதியாக நடமாடுகின்றனவோ அங்கே அது உயரும். பிரதான வீதியில் வாடகை ஏற ஏற, அங்கே சரக்கை அடுக்கிவைத்தல் வணிகருக்குக் கட்டுப்படியாகாது. அவர் முன்வீதியில் ஒரு சிறு கடையை வைத்துக்கொண்டு, களஞ்சியத்துக்கு உள்ளொழுங்கையில் ஒரு வீட்டையோ வளவையோ குறைந்த வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார். களஞ்சியம் ஒழுங்கைக்குட் செல்லும்போது லொறியும் அதன் பின்னே செல்கிறது. துவிச்சக்கர வண்டிக்கும் மாட்டு வண்டிக்குமென அமைந்த ஒழுங்கையிலே, எட்டடிக்கு மேற்பட்ட அகலமுள்ள வாகனம் நுழைகிறது. வாடகை ஒப்பந்தம் வீட்டுக்காரருக்கும் வணிகருக்கும் இடையே எழுதப்படுகிறது. லொறியோ மூன்றாமவரின் வாசலில் நிற்கிறது. அந்த மூன்றாமவர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவரல்லர். வாடகையிற் பங்கு பெறுபவருமல்லர். இந்தப் பிரச்சினையின் வேர் இதுவே.

இதனால் விளையும் தீங்கைக் கணக்கிட்டும் பார்க்கலாம். 24 அடி அகலமுள்ள வீதியில் ஒரு புறம் லொறியொன்று நின்றால் ஏறத்தாழ 16 அடி எஞ்சும். எதிர்ப்புறத்தில் இன்னொன்று நின்றால் 8 அடியே எஞ்சும். ஒரு வண்டி வரும்போது மற்றொன்று காத்து நிற்கவேண்டியதுதான். வீதியின் தளத்திற்கு நேரும் கேடு கண்ணுக்குப் புலப்படாதது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்தப்பட்ட வீதிச் சோதனையிலிருந்து பொறியியலாளர் ஓர் உண்மையைக் கண்டனர். வண்டியின் ஓர் அச்சின் மீது தங்கும் பாரம் இருமடங்கானால், வீதிக்கு நேரும் தேய்வு இருமடங்காவதில்லை. ஏறத்தாழ 16 மடங்காகிறது. ஆகவே, இலேசான வாகனங்களுக்கென இடப்பட்ட ஒழுங்கையின் தளத்தை ஒருசில பார லொறிகளே சில காலத்தில் உடைத்துவிடக்கூடும். அதனைச் செப்பனிடும் செலவு ஊரார் அனைவரும் செலுத்தும் வரிப்பணத்திலிருந்தே வரவேண்டும்.

பணத்தால் அளக்க முடியாத ஒன்றும் உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு ஆகிய ஊர்களில் உறவினரை இழக்காத குடும்பம் காண்டல் அரிது. கடல் கிழக்கே இருப்பதால், உயிர் தப்ப ஓடவேண்டிய திசை மேற்கு. கடற்கரையிலிருந்து பிரதான வீதியை நோக்கி வரும் ஒழுங்கைகளே அதற்குரிய வழிகள். இன்று எச்சரிக்கைக் கோபுரங்களும் ஒத்திகைகளும் உள்ளன. ஆயினும் எச்சரிக்கை கேட்டு ஓடிவருவோர் ஒழுங்கையின் நடுவே, சுவருக்குச் சுவர் நிற்கும் ஒரு லொறியைக் கண்டால் அந்த எச்சரிக்கையால் ஆவதென்ன? தீயணைக்கும் வண்டிக்கும் நோயாளர் வண்டிக்கும் இது பொருந்தும். ஆகவே இவ்வூர்களில் ஒழுங்கையைத் திறந்து வைத்திருப்பது வெறும் வசதி பற்றியதன்று, உயிர்காப்பைப் பற்றியது.

நகரத்தின் வணிகத்தையும் வாழ்வையும் எவ்வாறு அடுத்தடுத்து வைப்பது என்னும் வினா புதியதன்று. சிலப்பதிகாரம் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், கடலை அண்டிய மருவூர்ப்பாக்கம் வணிகரும் தொழிலாளரும் செறிந்த பகுதி. பட்டினப்பாக்கம் அதற்கு மேற்கே அமைந்த குடியிருப்பு. இரண்டிற்கும் நடுவேயிருந்த சோலையில் நாளங்காடி நடைபெற்றது. வாழும் இடத்தையும் சரக்குக் குவியும் இடத்தையும் பிரித்து, இரண்டும் கூடும் இடமாகச் சந்தையை வைத்த அமைப்பு அது. பண்டை உரோமாபுரி இடத்தைப் பிரிக்காமற் காலத்தைப் பிரித்தது. கி.மு. 45 ஐ அண்டிய ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம், சூரியோதயம் முதல் பிற்பகலின் கடைக்கூறு வரை பார வண்டிகள் நகரினுள் ஓடுவதைத் தடுத்தது. கோயில்களுக்கும் பொதுக் கட்டிடங்களுக்கும் வேண்டிய பொருள்களுக்கு மட்டும் விலக்களித்தது. பகலில் வழி கிடைத்தது. இரவில் உறக்கம் கெட்டது. வண்டிகளின் இரைச்சலால் உறங்க இயலவில்லை என யுவெனல் என்னும் புலவர் பிற்காலத்தில் நொந்துகொண்டார். இலண்டன் மாநகரமோ இதற்கு மறுதலையான முறையை 1985 இல் மேற்கொண்டது. அங்கே இரவிலும் வார இறுதியிலும் பார லொறிகள் பெரும்பாலான வீதிகளிற் கட்டுப்படுத்தப்படுகின்றன. இன்று அக்கட்டுப்பாடு 18 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளைச் சாரும். ஒரு நகரம் பகலைக் காத்தது. மற்றொன்று இரவைக் காத்தது. எதனைக் காக்கவேண்டும் என்பதை அவ்வவ் ஊரின் வாழ்க்கை முறையே தீர்மானிக்க வேண்டும் என்பது இவற்றிலிருந்து பெறப்படுகிறது.

கல்முனையின் நாளைப் பார்ப்போம். பாடசாலை காலை ஏழரை மணிக்குத் தொடங்கி, பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடிவடைகிறது. இவ்விரு வேளைகளிலும் பிள்ளைகள் வீதியை நிறைக்கின்றனர். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்கு மக்கள் திரள்கின்றனர். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. அப்போது பகல் அமைதியாகவும், இரவு ஆரவாரமாகவும் இருக்கும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றக் காலத்திலும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்புக் காலத்திலும் பெருங்கூட்டம் சேரும். லொறிகள் சரக்கிறக்கும் நேரத்தை வகுப்போர் இந்த நாட்காட்டியை முன்வைத்தே வகுத்தல் வேண்டும். வைகறைத் தொழுகைக்குப் பின் பாடசாலை தொடங்கும் வரையும், பிள்ளைகள் வீடு சேர்ந்த பின் மாலைச் சந்தை கூடும் வரையும் நேரம் ஒதுக்குதல் ஒரு வகை. நோன்பு மாதத்திற்குத் தனியொழுங்கு வேண்டும். பிற ஊரின் நேரசூசியை இங்கே பெயர்த்து நடுவதாற் பயனில்லை.

நேரத்தை மட்டும் வகுத்தாற் போதுமா? போதாது; இடமும் வேண்டும். சென்னையிற் கொத்தவால் சாவடிச் சந்தையின் ஒடுங்கிய தெருக்கள் லொறிகளாற் திணறியபோது, மொத்த வியாபாரத்தை நகரின் மேற்கேயுள்ள கோயம்பேட்டுக்கு 1996 இல் மாற்றினர். இலங்கையில் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999 இல் தொடங்கப்பட்டது. மரக்கறி லொறிகள் நகரின் நடுவே அலையாமல் ஓரிடத்தில் வந்து, விற்று, ஏற்றிச் செல்ல அது வழி செய்தது. எனினும் இடமாற்றம் மந்திரமன்று. காலப்போக்கில் நகரம் கோயம்பேட்டையும் சூழ்ந்துகொண்டது. அங்கும் நெருக்கடி உண்டாயிற்று. பழைய இடத்தை விட்டுச் செல்லும் வணிகருக்கும், மூடை சுமந்து வாழும் நாட்டாமைமாருக்கும் புதிய இடத்தில் உரிமை உறுதிசெய்யப்படாவிடின், மாற்றம் ஒரு சாராருக்கு மட்டுமே நன்மையாகிவிடும்.

கல்முனைக்கு வெளியே அத்தகைய இடம் எங்கே உள்ளது? மேற்கே பரந்து கிடப்பது வயல். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, உரிய அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றம். அது நல்ல சட்டமே. வயல் நிரம்பினால் மாரி வெள்ளம் வடிந்தோட வழியின்றி வீடுகளுக்குட் புகும். ஆகையால் லொறித் தரிப்பிடமும் பொதுக் களஞ்சியமும் மேட்டுநிலத்திலேயே அமைதல் வேண்டும். அந்நிலம் ஓர் ஊரின் எல்லைக்குள் அகப்படாமற் போகலாம். காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குச் செல்லும் பாதையை அண்டி அயல் உள்ளூராட்சி மன்றங்கள் கூடிப் பொருத்தமான இடந்தேடுதல் சாலும். முழு ஊருக்கும் பொதுவான இடர், எல்லைக் கல்லைப் பார்த்து நின்றுவிடுவதில்லை.

இங்கே வணிகர் எழுப்பும் ஓர் ஆட்சேபம் கேட்கத்தக்கது. வெளியே இறக்கி, மீண்டும் சிறு லொறியில் ஏற்றிக் கொணர்ந்தால் கூலி இருமுறை செல்லும். பொருளின் விலை உயரும் என்பர். அது உண்மையே. ஆயினும் எல்லாச் சரக்கும் கடைவீதிக்கு வரவேண்டுமா என்பதை ஆராய்தல் வேண்டும். சீமெந்து, கம்பி, ஓடு, மணல் ஆகியன கடையிற் பேசி விலை தீர்க்கப்படுகின்றன. பயன்படுவதோ வீடு கட்டும் இடத்தில். அவை வெளிக் களஞ்சியத்திலிருந்து நேரே கட்டிடம் எழும் இடத்திற்குச் சென்றால், கடைவீதிக்கு ஒரு முறை வந்து மீளும் செலவு குறையும். மிகப் பாரமான சரக்கே இவ்வாறு விலகுமாயின் எஞ்சிய மாவும் சீனியும் துணியும் சிறு வாகனங்களில் வந்து சேர்தல் பெரும் சுமையாகாது.

இனி, வாடகை ஒப்பந்தத்திற்கு மீள்வோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படுதல் வேண்டும். முற்பணம் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பன அதிற் செவ்வனே எழுதப்படுகின்றன. எத்தகைய சரக்கு வைக்கப்படும், எத்துணைப் பெரிய வாகனம் வரும், எந்நேரத்தில் வரும், எவ்விடத்தில் நின்று இறக்கும் என்னும் நான்கையும் அதே பத்திரத்திற் சேர்த்தால் என்ன? இதற்குப் புதுச் சட்டம் வேண்டுவதில்லை; இரு தரப்பாரின் இசைவும், நொத்தாரிசின் நினைவூட்டலுமே போதும். வளவிற்குள் லொறி நின்று இறக்க இடம் விட்டவருக்கு அதற்கேற்ற வாடகை கிடைக்கலாம். இடம் விடாதவர் களஞ்சியத்திற்கன்றிச் சில்லறைக் கடைக்கே கொடுக்கலாம். லொறி நிற்கும் இடத்துக்கும் ஒரு விலை உண்டென்பது அப்போது புலனாகும். இன்று அவ்விலையை அயல்வீட்டார் செலுத்துகின்றனர்.

உடன்பாடு மட்டும் எல்லாரையும் கட்டுப்படுத்திவிடாது என்பதனால் ஆட்சிமன்றத்தின் துணையும் வேண்டும். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், கட்டிட வரைபடத்திற்கு உள்ளூராட்சி மன்றத்தின் அங்கீகாரம் பெறப்படல் வேண்டும். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ்ப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடங்களிலே, கட்டிடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். வீடென அங்கீகரிக்கப்பட்ட கட்டிடம் களஞ்சியமாகும்போது இவ்வனுமதி கேட்கப்பட்டதா, ஒழுங்கையின் அகலம் பார்க்கப்பட்டதா என்பவற்றை ஆண்டுதோறும் வியாபார அனுமதி வழங்கும் வேளையில் ஆராயலாம். உள்ளூராட்சி மன்றங்கள் தாமே சந்தைக் கடைகளைக் குத்தகைக்கு விடுகின்றன. பிறருக்கு விதிக்கும் நிபந்தனையை முதலிற் தம் குத்தகைப் பத்திரத்தில் எழுதிக் காட்டும் மன்றத்தின் சொல்லுக்கு மதிப்பு மிகும்.

பாதையில் இடையூறு செய்யாதிருத்தல் நல்லொழுக்கம் என்பது இவ்வூர்களின் பள்ளிவாசலிலும் கோயிலிலும் வீட்டுத் திண்ணையிலும் ஒருங்கே போதிக்கப்படுவது. வாணிபமும் இவ்வூர்களுக்கு அந்நியமானதன்று. அது அவற்றின் உயிர்நாடி. லொறியை விரட்டினால் அடுப்பு அணையும். லொறியை விட்ட இடத்தில் விட்டால் வழி அடையும். வாடகை பேசுவோர் வீட்டின் நீள அகலத்தை அளந்த பின், வாசலுக்கு முன்னுள்ள ஒழுங்கையின் அகலத்தையும் ஒரு முறை அளந்து பார்ப்பாராயின், இப்பிரச்சினையின் பெரும்பகுதி அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். எஞ்சிய பகுதியைத் தீர்க்கச் சட்டமும் மன்றமும் உள்ளன.